நான் சொல்ல வைத்தது

குற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு வயதுப் பையன் ஒருவனின் மனதில், நடக்காத ஒன்றை நடந்ததாகப் பதிய வைத்தேன். அதை அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். எழுதினேன். அச்சடித்தேன். ஊர் கூடியிருந்த இடத்தில் ஒலிபெருக்கியில் அவனையே படிக்கவும் வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அவனுடைய அம்மாவும் ஒருவர். அது தப்பாக இருக்கலாம் என்று அச்சுக்குப் போவதற்கு முன்பே ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் நிறுத்தவில்லை.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிப் பழகியிருக்கிறேன். பல வருடம் அப்படித்தான் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. மற்ற பாதியையும் உங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நாகப்பட்டினம் கடற்கரையில் ஒரு மீனவர் குப்பம். பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தப் பையனை ஊருக்கெல்லாம் அடையாளம் காட்டும் வேலையை ஏற்கெனவே ஒரு தடவை செய்தாயிற்று.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலடியில் பூமி அதிர்ந்தது. 9.1 அளவு. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கரையில் இருந்தவர்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கான ஏற்பாடே இந்தியப் பெருங்கடலில் அன்றைக்கு இல்லை. ஞாயிறு என்பதால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இல்லை. மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரே குழியில் பலரைச் சேர்த்துப் புதைக்க வேண்டியிருந்தது. தன் பிள்ளை எந்தக் குழியில் என்று தெரியாத பெற்றோர் உண்டு. கடைசி நிமிடத்தில் பிள்ளை யாரோடு இருந்தது என்று தெரியாதவர்களும் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தப்பு உள்ளே நுழைந்த வழி இதுதான்.

நான் அப்போது சிறுவர் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஓரளவு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் போதவில்லை. ஜனவரியில் அரிசி லாரியோடு நாகைக்குப் போனேன். அரிசியை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தால் நல்ல மனிதனாகவே இருந்திருப்பேன். திரும்பவில்லை.

தார் ஷீட் அடித்த தற்காலிகக் கொட்டகைகளில் சனங்களை வைத்திருந்தார்கள். வெயில் ஏறினால் உள்ளே உட்கார முடியாது. பெரியவர்கள் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பார்கள். பிள்ளைகள் வெளியே திரிவார்கள். அவர்கள் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். ஒருவன் ‘கடல் வருது’ என்று கத்துவான். மற்றவர்கள் சிதறி ஓடுவார்கள். யாராவது ஒருத்தன் விழுந்து செத்துக் கிடப்பான். பிறகு எழுந்து சிரிப்பான். பெண்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு விரட்டுவார்கள். எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. எழுதுவதற்கு நல்ல தொடக்கமாகத் தெரிந்தது. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அந்த மாதங்களில் கரையோரத்தில் பிள்ளைகளைப் பார்க்க வராதவர்கள் கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் கிரையான் கொண்டுவந்தார்கள். எல்லோரும் படம் வரையச் சொன்னார்கள். நீலமும் கறுப்பும் முதலில் தீர்ந்துபோகும். சில வாரங்களில் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும், ‘அலை வரையணுமா சார்?’ என்று அவர்களே கேட்பார்கள். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். மற்றவர்களைப் போல நான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் படம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், நான் தங்கிக் கதை கேட்கிறேன் அல்லவா?

சொன்னால் ஆறும். இதுதான் என் மொத்த மருத்துவ அறிவு. துக்கம் கேட்கப் போகிற வீட்டில் நாம் பார்ப்பதுதானே, அழுது சொல்லச் சொல்ல பாரம் குறைகிறது, பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் வந்து தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பயிற்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போகவில்லை. கதை விஷயத்தில் எனக்கு யார் கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணம். அகம்பாவம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

சாயங்காலம் பாய் விரித்துப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைப்பேன். முதலில் நான் ஒரு கதை சொல்வேன். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். விருப்பம் இருந்தால் போதும் என்று வாயால் சொன்னேன். சொன்னவனுக்குக் கைதட்டல், சொல்லாதவனுக்கு மௌனம். எது நல்லது என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா?

அந்தப் பையன் அங்கேதான் எனக்குக் கிடைத்தான். ‘கிடைத்தான்’ என்றுதான் அன்றைய நோட்டில் எழுதியிருக்கிறேன். அவன் அப்பா படகில் போகிறவர். அம்மா கூடை சுமந்து மீன் விற்கிறவர். ஆறு வயதுத் தங்கையும் ஆயாவும் போய்விட்டார்கள். தங்கையின் உடலை இரண்டு நாள் கழித்து உறவுக்காரர் ஒருவர் அடையாளம் சொன்னார். ஆயா கிடைக்கவே இல்லை. அலை வந்த நேரம் அம்மா நாகை டவுனில் கூடையோடு இருந்தார். அப்பா கடலுக்குள் இருந்தார். வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை.

அவன் சொன்ன கதை இதுதான். மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவன் கையில் மட்டை இருந்தது. வேளாங்கண்ணித் திருவிழாவில் வாங்கிய மட்டை. யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தான். தண்ணீர் கறுப்பாக இருந்தது. ஓடினான். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. கண் விழித்தபோது ஒரு மாடியில் கிடந்தான். சட்டை இல்லை. மட்டையும் இல்லை.

மட்டையைப் பற்றித்தான் அவன் பேசினான். திரும்பத் திரும்ப அதையே பேசினான். அதன் கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டான். தண்ணீர் வந்தபோது அதைக் கீழே போட்டானா, இல்லை தண்ணீர் பிடுங்கியதா என்று தெரியவில்லை. தேடிப் போனான். உடைந்த படகுகளுக்கு அடியிலெல்லாம் பார்த்தான். கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவன் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும்.

எனக்கு அலுத்தது. தங்கை செத்துப் போயிருக்கிறாள், இவன் மட்டையைச் சொல்கிறானே என்று நினைத்தேன். அவன் எதையோ மறைக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறைப்பதை வெளியே கொண்டுவந்தால்தான் ஆறுவான் என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது வேறு. அவன் கதையில் நடுப்பகுதி இல்லை. ஓடினான், விழித்தான். இரண்டுக்கும் இடையே வெற்றிடம். கதை எழுதுகிறவனுக்கு வெற்றிடம் பொறுக்காது. ஒழுகும் கூரையில் ஓலை செருகுவது போல நான் அதில் கேள்விகளைச் செருகினேன்.

அந்தப் பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நோட்டிலும் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் போன பிறகு அவனை மட்டும் இருக்கச் சொன்னேன்.

‘தங்கச்சி எங்க இருந்தா?’

‘தெரியாது சார்.’

‘உன் பின்னாலேயே வருவாள்ல?’

‘எப்பவும் வருவா. வெரட்டினாலும் வருவா.’

‘அப்ப அன்னைக்கும் வந்திருப்பா.’

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘வந்திருக்கும் சார்’ என்றான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ‘வந்திருக்கும்’ என்பது நினைவு அல்ல, ஊகம். பெரியவர் ஒருவர் விடாமல் கேட்கிறார், அவருக்குத் திருப்தியாக ஒன்றைச் சொல்வோம் என்ற பிள்ளையின் மரியாதை. எனக்கு அது புரியாமல் இல்லை. புரிந்துகொள்ள விரும்பவில்லை.

அடுத்த தடவை கேட்டேன். ‘ஓடும்போது அவ கையைப் புடிச்சிருப்பியே?’

‘புடிச்சிருப்பேன் சார்.’

‘அப்புறம்?’

இந்த ‘அப்புறம்’ இருக்கிறதே, அதை வைத்துத்தான் நான் பிழைத்தேன். கதை சொல்லும் பிள்ளையிடம் ‘அப்புறம்’ என்றால் எதையாவது கொண்டுவராமல் இருக்காது. அவனும் கொண்டுவந்தான். வாரங்கள் போகப் போக ‘இருக்கும்’ எல்லாம் ‘இருந்தது’ ஆயிற்று. தங்கையின் கை சின்னதாக இருந்தது என்றான். ஈரமாக இருந்தது என்றான். அவள் ‘அண்ணே’ என்று கூப்பிட்டாள் என்றான். ஒவ்வொன்றுக்கும் நான் தலையை ஆட்டினேன். முதுகில் தட்டினேன். கடைசியில் ஒருநாள், கேட்காமலேயே அவன் சொன்னான். ‘நான் கைய விட்டுட்டேன் சார்.’ சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதான்.

நான் அவனை அணைத்துக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கியது. அது போலி இல்லை. ஆனால் அந்தக் கலக்கத்துக்கு அடியில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. வந்துவிட்டது, கதை வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி. இரவு முழுக்க உட்கார்ந்து எழுதினேன். மட்டையை வெட்டிவிட்டேன். கதையின் வேகத்தை அது குறைத்தது.

ஒரு பிள்ளையின் மனதில் இப்படிப் பதிய வைக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1974-லேயே காட்டியிருக்கிறார். கார் விபத்துப் படம் ஒன்றைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார். கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம் என்று சிலரிடமும், மோதி நொறுங்கியபோது என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லோரையும் கேட்டார். ‘நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்களில் மற்றவர்களைவிட அதிகம் பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. அவர்கள் கல்லூரி மாணவர்கள். பார்த்தது ஒரு படம். கேட்டது ஒரு கேள்வி. என் பையனுக்குப் பதினோரு வயது. அவன் வாழ்க்கையில் நடந்தது. நான் மாதக்கணக்கில் கேட்டேன்.

இனி நான் மறைத்துவந்த பாதி.

மழைக்காலம் தொடங்கும் முன் அந்தக் குப்பத்துப் பெண் ஒருவர் திரும்பி வந்தார். அலைக்குப் பிறகு தாய்வீட்டுக்குப் போய்விட்டவர். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அந்தப் பையன் வீட்டுக்கு அடுத்த வீடு. பிள்ளைகளின் கதைகளைச் சேர்த்துப் போடவிருந்த புத்தகத்துக்கான பிரதியை நான் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதுகிறாய் தம்பி என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பெருமையோடு படித்துக் காட்டினேன். கையை விட்ட இடம் வந்ததும் அவர் நிமிர்ந்தார்.

‘அது இல்லையே தம்பி. அந்தப் புள்ள ஆயாகிட்டல்ல இருந்துச்சு. வாசல்ல ஒக்காத்தி வச்சு தலை பின்னிக்கிட்டு இருந்தாங்க. சத்தம் கேட்டு நான் ஓடுனப்ப பாத்தனே.’

அதைச் சொல்ல அவருக்கு எந்த லாபமும் இல்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘பையனே சொல்றான்மா’ என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

அவர் என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். ‘புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு அன்னைக்கி புத்தியே இல்ல’ என்றார். போய்விட்டார். தன் கண்ணையே சந்தேகிக்கும்படி அந்த மனுஷியைச் செய்து அனுப்பினேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ‘இருக்கலாம்’ என்றுகூட இல்லை. அந்தக் கேள்விகளைக் கேட்டவன் நான்தானே. எந்தக் கேள்வியில் தங்கை மணலுக்கு வந்தாள், எந்தக் கேள்வியில் கை வந்தது என்று என் நோட்டிலேயே இருந்தது. எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. அச்சகத்தில் தேதி கொடுத்திருந்தேன். முதலாம் ஆண்டு நினைவு நாளில் வெளியிடுவதாகப் பணம் கொடுத்தவர்களிடம் சொல்லியிருந்தேன். புத்தகத்தில் பதினைந்து இருபது கதைகள் இருந்தன. எல்லோரும் பேசப்போகிற கதை அது ஒன்றுதான். அதை எடுத்தால் புத்தகத்தில் உயிர் இல்லை. இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

பையனின் அப்பாவிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படித்துக் காட்டவில்லை. நிவாரணக் காகிதங்களுக்கு நடுவே நீட்டினேன், அவர் போட்டார். அம்மாவிடம் கேட்கவே இல்லை.

2005 டிசம்பர் 26. பந்தல். குத்துவிளக்கு. வெளியூர்க்காரர்கள் முன்வரிசையில். ஊர்க்காரர்கள் பின்னால், நின்றுகொண்டு. அவனுக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தேன். மைக்கை அவன் உயரத்துக்கு இறக்கி வைத்தேன். நன்றாகப் படித்தான். நான் பயிற்சி கொடுத்திருந்தேன் அல்லவா, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று. கையை விட்ட வரிக்கு முன்னால் ஒரு மூச்சு விடச் சொல்லியிருந்தேன். விட்டான்.

முன்வரிசை கண்ணைத் துடைத்தது. பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று நினைத்தேன். அங்கே எல்லோரும்தான் அழுதுகொண்டிருந்தார்கள். அவன் அம்மா உட்கார்ந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். மகள் கடைசியில் யாரோடு இருந்தாள் என்று ஒரு வருடமாக அவருக்குத் தெரியாது. ஆயா மடியில் போயிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆறுதல் உண்மையானதாகவும் இருந்தது. அதைத்தான் நான் மைக் வைத்துப் பிடுங்கினேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் கைகுலுக்கினார்கள். வேறு ஊர்களுக்கும் அவனை அழைத்துவர முடியுமா என்று கேட்டார்கள். அழைத்துப் போனேன். ஆமாம், அதற்குப் பிறகும்.

அந்த வீட்டில் நடந்ததை நான் அப்போது பார்க்கவில்லை. அவன் சொல்லித்தான் பின்னால் தெரியும். அம்மா அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு தடவை, ‘கைய விட்டுட்டியாடா’ என்று கேட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா குடித்துவிட்டு வந்தால் பேசுவார். ‘நீதானடா விட்டே’ என்பார். காலையில் அழுவார். சாயங்காலம் மறுபடி குடிப்பார். பையன் ராத்திரி கொட்டகைக்குள் படுக்க மறுத்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவனைக் கையை விட்டவன் என்று கூப்பிட்டார்கள். அந்தப் புத்தகத்தின் பிரதி பள்ளிக்கூடத்திலும் இருந்தது. நான்தான் இலவசமாகக் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றான். காசிமேட்டில் மாமா வீட்டுக்குப் போய் ஐஸ் உடைக்கும் வேலையில் சேர்ந்தான்.

படிப்பை விட்டுவிட்டான் என்று அந்தப் பள்ளி ஆசிரியர் எனக்குச் சொன்னபோது நான் செய்தது ஒன்றுதான். அந்தக் குப்பத்துக்குப் போவதை நிறுத்தினேன். வேலை அதிகம் என்று சொன்னேன். பயந்தேன் என்பதுதான் நிஜம். அந்தப் பெண் மறுபடி வந்து, ‘தலை பின்னிக்கிட்டு இருந்தாங்களே’ என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். இதற்கிடையில் அந்தப் புத்தகத்தை வைத்து எனக்கு மேடைகள் கிடைத்தன. ஒரு பரிசும் கிடைத்தது. பிள்ளைகளின் மனக்காயத்தைக் கதையால் ஆற்றுவது எப்படி என்று கல்லூரிகளில் பேசினேன். பணமும் வாங்கினேன்.

படிக்கத் தொடங்கியது அதற்கும் பிறகுதான். யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல், பெயரைக் காப்பாற்றிக்கொள்ள. நல்ல நோக்கத்தில் அல்ல.

படிக்கப் படிக்க எனக்கு ஒளிய இடம் இல்லாமல் போயிற்று. பேரிடருக்குப் பிறகு ஆட்களை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்லும் முறை 1980-களிலிருந்து உண்டு. அதைப் பற்றி வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், ஒரே அமர்வில் அப்படிச் சொல்ல வைப்பது பிற்பாடு வரும் மனக்கோளாறைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று 2002-ல் எழுதிவிட்டார்கள். அலை வருவதற்கு முன்பே. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளிலும், பாதிக்கப்பட்டவர்களை வற்புறுத்திப் பேச வைக்காதீர்கள் என்று இருக்கிறது. நான் பட்டம் வாங்கிய மருத்துவன் இல்லை என்று சாக்குச் சொல்லலாம். இல்லாதவன் ஏன் அந்த வேலைக்குப் போனாய் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

அதைவிட என்னைக் கூனிக் குறுக வைத்தது இலங்கையில் நடந்த ஒரு வேலை. அதே அலைக்குப் பிறகு, வடகிழக்கில் ஓர் அகதி முகாமில், போரையும் பார்த்துக் கடலையும் பார்த்த 31 தமிழ்ப் பிள்ளைகளோடு செய்தார்கள். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் உருவாக்கிய முறை. நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். இந்த முறையில் பிள்ளையின் முன்னால் ஒரு கயிற்றை நீட்டி வைப்பார்கள். அதுதான் அவன் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ. கெட்டது நடந்த இடத்தில் கல். எது பூ, எது கல், எது பெரியது என்று பிள்ளைதான் வைப்பான். பிறகு பிறந்ததிலிருந்து வரிசையாகச் சொல்வான். ஆலோசகர் எழுதிக்கொள்வார். அடுத்த தடவை அதைப் படித்துக் காட்டுவார். பிள்ளை திருத்துவான். கடைசியில் அந்தக் காகிதம் பிள்ளைக்குச் சொந்தம். வட்டமும் இல்லை, கைதட்டலும் இல்லை, மேடையும் இல்லை.

என் பையன் அந்தக் கயிற்றின் முன் உட்கார்ந்திருந்தால் மட்டையை எங்கே வைத்திருப்பான்? பூவாகவா, கல்லாகவா? கேட்காமலே போனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதைக்காரனான எனக்கு இது விழுங்கக் கஷ்டமானது. அந்த முகாமில் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் கதை சொல்லும் முறை. மற்றப் பாதிக்கு மூச்சுப் பயிற்சியும் தியானமும். நடந்ததைக் கிளறவே இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கதை சொன்னவர்களில் 81 சதவீதமும் மூச்சுப் பயிற்சி செய்தவர்களில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். சிறிய எண்ணிக்கை. பெரிய வித்தியாசம் என்று சொல்வதற்கில்லை. 2009-ல் வெளியான அந்த ஆய்வை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் தேற என் கதை வட்டம் கட்டாயம் என்று எத்தனை மேடையில் முழங்கியிருக்கிறேன்!

தெரிந்த பிறகாவது உடனே போனேனா? இல்லை. வருடங்கள் போயின. அவன் ஊர் திரும்பி, கல்யாணம் ஆகி, லோடு வண்டி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்ட பிறகும் தள்ளிப் போட்டேன். போனவருடம்தான் போனேன். பழைய நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேள்விகளைப் படித்துக் காட்டினேன். அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு கேட்டான்.

‘அந்தக்கா அப்பவே சொல்லிச்சா சார்?’

‘ஆமா.’

‘அப்பவே?’

‘ஆமாப்பா.’

டீ ஆறிப்போயிற்று. அவன் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. ‘நீங்க சொல்றது சரியா இருக்கும் சார். ஆனா எனக்கு ஞாபகம் இருக்கே’ என்றான். வலது கையை விரித்துப் பார்த்தான். ‘அவ கை இதுல இருந்தது எனக்கு இப்பவும் தெரியுது. எம் புள்ள கையைப் புடிச்சா அதுதான் வருது. பொய்னு சொல்லிட்டீங்க. போக மாட்டேங்குதே, என்ன பண்றது?’

என்னிடம் பதில் இல்லை. மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றேன். கூட வருவதாகச் சொன்னேன். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். பிறகு, ‘அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நான் தப்பிக்கப் பாக்குறேன்னு ஆயிடும்’ என்றான்.

அப்பா இப்போது இல்லை. அம்மா வீட்டு வாசலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். தலை பின்னிக்கொண்டிருந்த இடம் வந்ததும் அவர் கை நின்றது. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டார், சொன்னேன். ‘அவ செத்து நாலு வருசம் ஆச்சு’ என்றார். போய்க் கேட்டுக்கொள்ளக்கூட இப்போது வழியில்லை. என் வார்த்தைதான் மிச்சம். என் வார்த்தைக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு?

வெகுநேரம் கழித்து அவர் சொன்னார். ‘அன்னைக்கி ஊரைக் கூட்டி மைக்கு போட்டுச் சொல்ல வச்சீங்க. இன்னைக்கி எங்காதுல மட்டும் வந்து சொல்றீங்களே.’

அதற்காகத்தான் இது. புத்தகம் இருக்கிற நூலகங்களுக்கும், என்னைப் பேசக் கூப்பிட்ட கல்லூரிகளுக்கும், பரிசு கொடுத்தவர்களுக்கும் கடிதம் எழுதினேன். சிலர் பதில் போட்டார்கள். பரிசுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இதனால் எதுவும் ஈடாகாது, தெரியும். விசாரிப்பவர்களுக்கு விவரம் வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

இதை அச்சுக்கு அனுப்பும் முன் அந்த வீட்டில் முழுவதும் படித்துக் காட்டினேன். இருவரும் கேட்டார்கள். அம்மா ஒரு பத்தியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். மகளின் பெயரைப் போடக் கூடாது என்றார். அவன் ஒரு திருத்தம் சொன்னான். மட்டையைத் தென்னை மட்டை என்று எழுதியிருந்தேன். அப்படித்தான் எனக்கு நினைவு. இல்லை, வேளாங்கண்ணித் திருவிழாவில் வாங்கியது, கடை மட்டை என்றான். அவன் சொன்னபடி மாற்றியிருக்கிறேன்.